கேட் திறக்கிறதே என்று நம்பர் பிளேட் சாஃப்ட்வேரை நம்பிவிடாதீர்கள்

குடியிருப்பு வாசலிலோ சின்ன பார்க்கிங்கிலோ நம்பர் பிளேட் படிக்கும் கேமரா வைக்க யோசித்துக்கொண்டிருந்தால், வாங்குவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் கட்டாயம் படியுங்கள். எங்கள் குடியிருப்பில் ஒரு நிறுவனம் இதை மாட்டியது. ஒழுங்காக வேலை செய்யவில்லை. அதுகூடப் பரவாயில்லை, புதுச் சாமான் என்றால் கோளாறு வரத்தான் செய்யும். நாங்கள் புகார் சொன்னதும் அதை அவர்கள் ‘சரிசெய்த’ விதம்தான் ஆத்திரத்தைக் கிளப்புகிறது. பெயரைப் போடவில்லை. குடியிருப்போர் சங்கத்துக்கும் அவர்களுக்கும் இடையே கணக்கு இன்னும் தீரவில்லை.

விற்க வந்தவர் சொன்னவை இவை: துல்லியம் 99 சதவீதம். இரவும் பகலும் அதற்கு ஒன்றுதான். படங்கள் காவலர் அறையில் இருக்கும் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது. இரவுக் காவலர் ஒருவரைக் குறைத்துக்கொள்ளலாம். முதல் மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னோம், முகம் சுளிக்காமல் எழுதிக்கொடுத்தார்கள். நான்காவதை நாங்கள் ஏற்கவில்லை. காவலர்கள் அப்படியே இருந்தார்கள். அதனால்தான் விஷயம் வெளியே வந்தது.

டெமோ பிரமாதம். நல்ல வெயில். அவர்களே கொண்டுவந்த கார், ஆள் நடக்கிற வேகத்தில், கேமராவுக்கு நேர் எதிரே. டேப்லெட்டில் எண் பளிச்சென்று விழுந்து பேரியர் தூக்கியது. மாட்டிய பிறகும் பகலில் ஓரளவு ஓடியது. இருட்டினால் வாசலில் வரிசை கட்டி ஹாரன் சத்தம். காவலர் ரிமோட்டை அமுக்கித் திறந்துவிடுவார். எதற்கு இத்தனை செலவு என்று எல்லோரும் சங்கத்தைப் பிடித்துக் காய்ச்ச ஆரம்பித்தார்கள்.

காரணம் தேடியபோது முதலில் மாட்டியது கேமரா. நம்பர் பிளேட்டுக்கென்றே உள்ள கேமரா என்று பில்லில் இருந்தது. மேலே இருந்ததோ வாசல் முழுவதையும் காட்டும் சாதாரண கண்காணிப்புக் கேமரா. 1920 பிக்சல் (படத்தை உண்டாக்கும் புள்ளி) அகலப் படத்தில் 12 மீட்டர் அகலத்தை அடக்கினால் மீட்டருக்கு 160 பிக்சல் கிடைக்கும். அரை மீட்டர் பிளேட்டுக்கு 80. அதில் எட்டு எழுத்து என்றால் ஓர் எழுத்துக்கு 10 பிக்சல்தான், இடைவெளியைக் கழித்தால் அதுவும் தேறாது. மனிதக் கண்ணே தடுமாறும்.

இரவில் வேறொரு கூத்து. வெளிச்சம் குறைந்தால் சாதாரண கேமரா, ஒளியை உள்ளே விடும் ஷட்டரைத் தானாகவே அதிக நேரம் திறந்துவைக்கும். ஒரு நொடியில் 30இல் ஒரு பங்கு திறந்திருந்தால், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும் வண்டி அதற்குள் 18 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். எழுத்தெல்லாம் இழுபட்டுக் கலங்கிவிடும். 1000இல் ஒரு பங்கு என்றால் நகர்வு அரை சென்டிமீட்டர் சொச்சம், படித்துவிடலாம். அவ்வளவு குறைந்த நேரத்துக்கு வெளிச்சம் போதாது என்பதால்தான் அகச்சிவப்பு விளக்கு போடுகிறார்கள். வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் பூச்சு பல நாடுகளின் பிளேட்டுகளில் உண்டு. ஷட்டரைக் குறைத்து அகச்சிவப்பை அடித்தால் மற்றதெல்லாம் இருட்டில் அமுங்கி, பிளேட் மட்டும் தெளிவாக நிற்கும். ஷட்டரைக் குறைக்காமல் அடித்தால் பிளேட் வெறும் வெள்ளைப் பட்டையாகிவிடும். எங்கள் இரவுப் படங்களில் இருந்தது அந்த வெள்ளைப் பட்டைதான். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது அரிச்சுவடி. தெரியாமல் செய்தார்கள் என்று நான் நம்பவில்லை.

ஒப்பந்தத்தைக் காட்டி 99 சதவீதம் எங்கே என்று கேட்டோம். “அது ஓர் எழுத்துக்கான துல்லியம் சார். பிளேட் முழுவதுக்கும் என்று எங்கே எழுதியிருக்கிறது?” என்று வந்தது பதில். ஓர் எழுத்தை 100க்கு 99 தடவை சரியாகப் படித்தால், எட்டு எழுத்தும் சேர்ந்து சரியாக வரும் வாய்ப்பு 92 சதவீதம்தான். அதாவது பன்னிரண்டு பதின்மூன்று வண்டிகளில் ஒன்று தப்பு. 98 என்றால் 85க்கு இறங்கிவிடும். வாசலில் நிற்பவருக்கு ஏழு எழுத்து சரியாக வந்ததில் என்ன ஆறுதல்? கேட் திறக்காது, அவ்வளவுதான்.

தப்பு வரும் இடங்களும் ஊரறிந்தவை. ‘ஓ’வும் பூஜ்யமும், ‘பி’யும் 8உம், ‘எஸ்’ஸும் 5உம், ‘இசட்’டும் 2உம். பிரிட்டனின் பிளேட் எழுத்துருவில் ‘ஓ’வுக்கும் பூஜ்யத்துக்கும் ஒரே வடிவம்தான். எந்த இடத்தில் எழுத்து, எந்த இடத்தில் இலக்கம் என்ற ஒழுங்கை வைத்துத்தான் அங்கே பிரித்துப் படிக்க முடியும். ஜெர்மனியில் 2000 முதல் கட்டாயமான எழுத்துருவில் ஒவ்வோர் எழுத்தையும் வேண்டுமென்றே வித்தியாசமாக வரைந்திருக்கிறார்கள். பெயிண்ட் தடவி ஒன்றை இன்னொன்றாக மாற்றுகிறவர்களைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது, மெஷினுக்கும் வசதியாகிவிட்டது. ஆக, எந்த நாட்டு பிளேட், என்ன வரிசை என்று சொல்லிக்கொடுத்தால் சாஃப்ட்வேர் பாதிக் குழப்பத்தைத் தானே தீர்த்துக்கொள்ளும். எங்களுக்கு வந்தது எதற்கும் பழக்காத பொது மாடல். இலக்கம் மட்டுமே வரக்கூடிய இடத்தில் கூசாமல் ‘எஸ்’ என்று எழுதிவிட்டுப் போகும்.

இதையெல்லாம் எழுத்தில் கொடுத்தோம். கேமராவை மாற்றுங்கள், இல்லையென்றால் பணத்தைத் திருப்புங்கள் என்றோம். “புது அப்டேட் வருகிறது, கேமரா மாற்றத் தேவையே இல்லை” என்றார்கள். ஒருநாள் தூரத்திலிருந்தே எதையோ மாற்றினார்கள். மறுநாளிலிருந்து கேட் வெண்ணெயாக வேலை செய்தது. இரவு, மழை, ஹெட்லைட் எதுவாக இருந்தாலும் பேரியர் தூக்கியது. வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் மழை. பாக்கித் தொகையைக் கேட்டு அவர்கள் அனுப்பிய கடிதமும் அந்த வாரமே வந்து சேர்ந்தது.

இரவுக் காவலர் மட்டும் திருப்தியாக இல்லை. “சார், நேத்து ராத்திரி ஒரு வேன் வந்துச்சு. நம்ம வண்டி இல்ல. நான் ரிமோட்டைத் தொடவே இல்ல, அதுவாத் திறந்துச்சு” என்றார். ஆப்பில் பார்த்தால் அந்த நேரத்தில் எங்கள் குடியிருப்புக்காரர் ஒருவரின் கார் உள்ளே வந்ததாக இருந்தது. அவரோ அன்று வெளியூரில், கார் அவருடன். அதற்குள் இன்னொரு வம்பு. பார்க்கிங்கில் ஒருவரின் வண்டியை யாரோ கீறிவிட்டிருந்தார்கள். அந்த நேரத்தில் உள்ளே வந்தது உங்கள் கார்தானே என்று ஒரு பெண்மணியைப் போட்டுக் கேள்வி கேட்டிருந்தார்கள். அவர் வரவில்லை என்று எவ்வளவு சொல்லியும் ‘கம்ப்யூட்டரில் இருக்கிறதே’ என்றே பதில் கிடைத்திருக்கிறது.

ஆப்பை விட்டுவிட்டு, மொத்தப் பதிவையும் கோப்பாக இறக்கினோம். அதில் இரண்டு நெடுவரிசைகள் இருந்தன. ஒன்று கேமரா உண்மையில் படித்தது. மற்றது அதை எங்கள் குடியிருப்பு வண்டிகளின் பட்டியலில் இருக்கும் எந்த வண்டியோடு பொருத்தியது என்பது. ஆப் நமக்குக் காட்டுவது இரண்டாவதை மட்டும். அருகருகே வைத்துப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. படிக்கிற லட்சணம் ஒரு துளிகூட மாறவில்லை, அதே தப்புகள். அவர்கள் மாற்றியது பொருத்தும் விதியை. எந்த இரண்டு எழுத்து வேறாக இருந்தாலும் ‘நம்ம வண்டிதான்’ என்று எடுத்துக்கொள்ளும்படி தளர்த்திவிட்டார்கள். கூடவே, சாஃப்ட்வேருக்கே சந்தேகமாக இருக்கும் வாசிப்புகளை ஒதுக்கித் தள்ளும் எல்லையையும் கீழே இறக்கியிருந்தார்கள்.

இரண்டு எழுத்துதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே வட்டாரத்து வண்டிகளுக்கு முன் பகுதி பெரும்பாலும் ஒன்றாக இருந்து, கடைசி நான்கு இலக்கம்தான் வேறுபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10,000 எண்கள். ஓர் எண்ணிலிருந்து அதிகபட்சம் இரண்டு இலக்கம் மாறுபடும் எண்கள், அந்த எண்ணையும் சேர்த்து, 523. பட்டியலில் 100 வண்டி இருந்தால் 100 பெருக்கல் 523, அதாவது 52,300. இருக்கும் எண்களே 10,000தான்! ஒன்றன்மேல் ஒன்று விழுவதைக் கழித்தாலும், அந்த வரிசையில் கிட்டத்தட்ட எந்த வண்டி வந்தாலும் யாரோ ஒருவர் பெயரில் கேட் திறந்துவிடும். அதாவது, பூட்டைக் கழற்றிவிட்டுச் சாவி நன்றாகத் திருகுகிறது என்று காட்டியிருக்கிறார்கள்.

இந்த ஏமாற்று ஏன் பலிக்கிறது என்றால், நம்பர் பிளேட் சாஃப்ட்வேர் இரண்டு விதமாகத் தப்பு செய்யும். உரிய வண்டிக்குத் திறக்காமல் இருந்தால் வண்டிக்காரர் கத்துவார். உரிமையில்லாத வண்டிக்குத் திறந்தால் யாரும் கத்த மாட்டார்கள், உள்ளே வந்தவர் ஏன் புகார் கொடுக்கப்போகிறார்? முதல் தப்பை இரண்டாம் தப்பாக மாற்றிவிட்டால் புகார் நின்றுவிடும், விற்றவருக்குப் பணமும் வந்துவிடும். “எல்லா இடத்திலும் இப்படித்தான் செய்கிறோம்” என்று அவர்களே சொன்னார்கள். தளர்த்துவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ‘ஓ’வையும் பூஜ்யத்தையும் ஒன்றாகக் கொள்வது நியாயம். 3க்குப் பதில் 7 இருந்தாலும் பரவாயில்லை என்பது நியாயமில்லை.

3க்கு 7 என்றதும் நினைவுக்கு வருகிறது. 2009இல் சான் பிரான்சிஸ்கோ போலீஸ் வண்டியில் இருந்த கேமரா ஒரு காரின் எண்ணில் 3ஐ 7 என்று படித்து, திருட்டு வண்டி என்று எச்சரித்தது. யாரும் பிளேட்டைக் கண்ணால் சரிபார்க்கவில்லை. ஓட்டிவந்த பெண்ணைத் துப்பாக்கி முனையில் இறக்கி விலங்கு மாட்டினார்கள். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2014இல் அவருக்கு வழக்கு நடத்த வழி கிடைத்தது. 2021இல் இங்கிலாந்தின் பாத் நகரில் நடந்தது கொஞ்சம் சிரிப்பு. பேருந்துப் பாதையில் நடந்துபோன ஒரு பெண்ணின் சட்டையில் இருந்த ஆங்கிலச் சொல்லை கேமரா நம்பர் பிளேட் என்று படித்து, வேறு வட்டாரத்தில் இருந்த ஒரு வேன்காரருக்கு அபராதம் போய்விட்டது. ‘காவலரைக் குறைத்துக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும் சொல்லிக்காட்டுங்கள்.

மூன்றாவது வாக்குறுதியும் பொய். ரௌட்டரில் பார்த்தபோது, கேமரா எடுத்த ஒவ்வொரு படமும் வெளியே ஏதோ ஒரு சர்வருக்குப் போய்க்கொண்டிருந்தது. படிக்கும் வேலை அங்கேதான், அதுவும் மூன்றாவது ஒரு கம்பெனியிடம், மாதத்துக்கு இத்தனை படம் என்ற சந்தாவில். வாசலுக்கு எதிரே நின்ற வண்டியையே திரும்பத் திரும்பப் படித்து மாதம் முடியும் முன்பே அந்த எண்ணிக்கை தீர்ந்துவிடும், கூடுதல் பில் எங்களுக்கு வரும். யார் எப்போது வீட்டை விட்டுப் போகிறார், எப்போது வருகிறார் என்ற விவரம் முழுவதும் முன்பின் தெரியாதவர்களிடம் கிடக்கிறது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்பர் பிளேட்டைத் தனிநபர் தரவாகவே பார்க்கிறது. கலிஃபோர்னியாவில் 2016 முதல் இப்படிப்பட்ட கேமரா வைப்பவர்கள் தங்கள் பயன்பாட்டுக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும். பழைய பதிவுகளை அழியுங்கள் என்று கேட்டதற்கு எங்களுக்குப் பதிலே வரவில்லை.

சிறு வணிகம் நடத்துகிறவர்களுக்கு வலி வேறு இடத்தில். கட்டண பார்க்கிங் வைத்திருக்கும் நண்பர் சொன்னது: உள்ளே வரும்போது சரியாகப் படித்து, வெளியே போகும்போது தப்பாகப் படித்தால், அந்த வண்டி கணக்கில் இன்னும் உள்ளேயே நிற்கும், மீட்டர் ஓடும். இங்கேயும் இரண்டு எழுத்துத் தளர்வு வைத்தால் ஒருவர் பில் இன்னொருவர் தலையில். மாதச் சந்தா வாடிக்கையாளரை ஒரு தடவை இப்படிச் சீண்டினால் போதும், திரும்ப வர மாட்டார்.

வாங்கத்தான் வேண்டும் என்றால், டெமோவை உங்கள் வாசலில், இரவில், உங்கள் வண்டிகளை வைத்து நடத்தச் சொல்லுங்கள். இரண்டு வரி பிளேட் உள்ள பைக், அழுக்குப் பிளேட், சாய்வாகத் திரும்பும் வண்டி எல்லாம் இருக்கட்டும். பட்டியலில் இல்லாத வண்டிகளையும் கட்டாயம் விட்டுப் பாருங்கள், யாரும் செய்யாத சோதனை அதுதான். ஒரு பிளேட்டின் எல்லா எழுத்தும் சரியாக வந்தால்தான் ‘சரி’ என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அட்மின் கடவுச்சொல் சங்கத்திடம் இருக்க வேண்டும், அமைப்பை மாற்றினால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பதும் அதில் வரட்டும். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: சாஃப்ட்வேர் எவ்வளவு நன்றாகப் படித்தாலும், உங்கள் எண்ணைப் பிரிண்ட் எடுத்து வேறு வண்டியில் ஒட்டிக்கொண்டு வந்தால் அது திறந்துவிடும். கேட் வசதிக்கு அது போதும். திருட்டைத் தடுக்க அதை மட்டும் நம்ப முடியாது.

ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் இன்றே பதிவுக் கோப்பை இறக்கிப் பாருங்கள். ‘படித்தது’, ‘பொருத்தியது’ என்று இரண்டும் தனித்தனியாக இருக்கிறதா, இருந்தால் எத்தனை இடத்தில் வேறுபடுகிறது என்று எண்ணுங்கள். படித்தது என்ற நெடுவரிசையே இல்லை என்றால், கேமரா படித்ததை அப்படியே கொடுங்கள் என்று விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். எங்களிடம் இருப்பதில் தளர்வை நாங்களே பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டோம். இரவில் பாதி வண்டிக்குத் திறப்பதில்லை. காவலர் முகம் பார்த்துத் திறக்கிறார்.