7 வருஷம், ஒரே சுவர்: சொந்த வீட்டு அனுபவம்

கூட வேலை பார்க்கும் பெண் போன வாரம் கேட்டாள். "அக்கா, ஒரு வீடு பார்த்து வெச்சிருக்கோம், அட்வான்ஸ் கொடுக்கலாமா? நீங்க சொந்த வீட்லதானே இருக்கீங்க, சொல்லுங்க." அவள் கேட்ட அன்று எங்கள் படுக்கையறைச் சுவரை உடைத்துப் போட்டு மூன்றாவது நாள். கட்டில் கூடத்தில் கிடந்தது, துணியெல்லாம் சிமென்ட் தூசி. அந்த நேரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தால் நியாயமாக இருந்திருக்காது, யோசித்துச் சொல்கிறேன் என்று விட்டுவிட்டேன்.

அடுக்குமாடியில் இரண்டு படுக்கையறை வீடு, வாங்கி 7 வருஷம் ஆகிறது. எத்தனை சதுர அடி, எத்தனையாவது மாடி என்பதெல்லாம் வாங்குகிற வரைக்கும்தான் பெரிய பேச்சு. குடிவந்த பிறகு என் நினைப்பெல்லாம் ஒரே ஒரு சுவரில். குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவர். முதல் வருஷம் முடிவதற்குள் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை வந்தது. ஓரத்தில் மட்டும் துரு நிறக் கோடு, நடுவில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் பட்டி மாவாக உதிரும், உள்ளே வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். துடைத்தால் இரண்டு வாரத்தில் திரும்பவும் பூக்கும். அந்தச் சுவரை ஒட்டித்தான் பீரோ, கதவைத் திறந்தாலே ஓத வாடை.

முதலில் வந்தவர் பெயின்டர். சுரண்டி, பட்டி பார்த்து, ஈரம் தாங்கும் என்று சொல்லி விலை கூடின பெயின்ட் ஒன்றை அடித்துவிட்டுப் போனார். எட்டு மாதம் சுவர் பளபளவென்று இருந்தது. அப்புறம் அதே கறை இரண்டடி தள்ளி வெளியே வந்தது. பெயின்ட் தண்ணீரை நிறுத்தாது, வெளியேறும் வழியை மட்டும்தான் அடைக்கும், தண்ணீர் பக்கத்தில் வேறு வழி பார்த்துக்கொள்ளும். இன்றைக்கு எனக்கு இது தெரியும். அன்றைக்குத் தெரியாமல் பணம் கொடுத்தேன்.

இரண்டாவது முறை குளியலறை டைல்ஸ் இடுக்கையெல்லாம் சுரண்டி, எபாக்சி என்ற இறுகும் பசையை அடைத்தோம். அதுவும் நிற்கவில்லை. அப்போது எனக்கு மேல்வீட்டின் மேல் சந்தேகம் வந்தது, குடியிருப்போர் சங்கத்தில் எழுதியே கொடுத்துவிட்டேன். மேல்வீட்டு அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவர் குளியலறையில் தண்ணீர் போகும் வாயை அடைத்து, சாயம் கலந்து ஒரு நாள் முழுக்கத் தேக்கி வைத்தார்கள். எங்கள் கூரையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. "ஏம்மா, என் வீட்டுத் தண்ணின்னா மேலேர்ந்துதானே இறங்கணும், உன் சுவர்ல முழங்கால்கிட்ட இல்ல இருக்கு?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். இப்போதும் லிஃப்டில் அவரைப் பார்த்தால் அந்த நாள் உறுத்தத்தான் செய்கிறது. அடுத்த வீட்டுக்காரர் மேல் பழி போடும் முன்னால் இந்த ஒரு நாள் சோதனையைச் செய்துவிடுங்கள், உறவு மிஞ்சும்.

மூன்றாவதாக, இந்த மாதம் வந்த பிளம்பர்தான் சுவரைத் தொடும் முன்னால் கேள்வி கேட்ட முதல் ஆள். "அக்கா, வீட்டைப் பூட்டிட்டு எங்கேயாவது போனீங்களா, அப்ப கறை காஞ்சுதா?" என்றார். பத்து நாள் வெளியூர் போயிருந்தோம், திரும்பி வந்தபோது கறை காயவே இல்லை, கொஞ்சம் பரவிக்கூட இருந்தது. அப்படியென்றால் கழிவுத் தண்ணீர் இல்லை, டைல்ஸ் இடுக்கும் இல்லை, எந்நேரமும் தண்ணீர் நிற்கிற குழாய்தான் என்றார். ஆள் குளித்தால் மட்டும் ஈரம் கூடினால் கழிவுப் பக்கம், யாரும் இல்லாதபோதும் ஈரம் இருந்தால் வரத்துப் பக்கம். எவ்வளவு எளிய விஷயம். ஆறு வருஷம் இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

அப்புறம் கைப்பம்பு ஒன்றைக் கொண்டுவந்து குழாயில் அழுத்தம் ஏற்றினார். பச்சைத் தண்ணீர் குழாயில் அழுத்தம் காட்டும் முள் அசையாமல் நின்றது. வெந்நீர்க் குழாயில் அரை மணி நேரத்தில் முள் நன்றாக இறங்கிவிட்டது. டைல்ஸை உடைத்துப் பார்த்தால் ஒரு எல்போ, அதாவது குழாய் திரும்புகிற இடத்து இணைப்பு. அதன் கழுத்தில் ஒரு துளி திரண்டு, தொங்கி, விழுந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன், 11 விநாடிக்கு ஒரு துளி. நாளெல்லாம் சேர்த்தாலும் அரை லிட்டர் வராது. அந்த அரை லிட்டர்தான் இத்தனை வருஷம் அந்தச் சுவரைத் தின்றிருக்கிறது.

எல்போ ஒன்றின் விலை, இந்த மூன்று முறையும் செலவு செய்ததில் கணக்கிலேயே வராத காசு. உடைத்த கூலி, பூச்சு, பெயின்ட், டைல்ஸ்தான் செலவே. அதிலும் அந்த டைல்ஸ் இப்போது வருவதில்லையாம். ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டிருந்தால் ஒரு சுவர் முழுக்க மாற்றியிருக்க வேண்டாம். கட்டும்போதே, டைல்ஸ் ஒட்டும் முன்னால், குழாய் எந்த வழியாகப் போகிறது என்று நாலு போட்டோ எடுத்து வையுங்கள். கட்டின வீடு வாங்கினால் குழாய் வரைபடம் கேளுங்கள். நான் கேட்டேன், இல்லை என்றார்கள்.

இத்தனைக்கும் நடுவில் மாதத் தவணை ஒரு நாள் தவறாமல் போகும். அந்தப் பெண்ணிடம் இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். 20 வருஷக் கடன், வட்டி 8.5 சதவீதம் என்று வையுங்கள். முதல் தவணையில் 100க்கு 82 வட்டிக்கே போய்விடும். 84 தவணை, அதாவது 7 வருஷம் கட்டி முடிக்கும்போது வாங்கின கடனில் 73 சதவீத அளவுக்குப் பணம் கையைவிட்டுப் போயிருக்கும், அசலில் தீர்ந்தது 18 சதவீதம்தான். பாதி அசல் தீரவே கிட்டத்தட்ட 14 வருஷம். மாறும் வட்டியாக இருந்து, ஆரம்பத்திலேயே 1 சதவீதம் ஏறி, தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டினால் 240 மாதம் 309 ஆகும். வங்கி ஏமாற்றியது என்று நான் சொல்லமாட்டேன், கணக்கு சரிதான், முதலிலேயே உட்கார்ந்து போட்டுப் பார்க்காதது என் தப்பு. வருஷத்துக்கு ஒரு தவணை கூடுதலாக அசலில் கட்டினால் 3 வருஷத்துக்கு மேல் குறையும். நாங்கள் கட்ட நினைத்த வருஷங்களில் அந்தப் பணம் சுவருக்குப் போனது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் வீட்டுக்கு நான் துரோகம் செய்தவளாவேன். என் அம்மா ஐந்தடிகூட இல்லை. வாடகை வீடுகளிலெல்லாம் சமையல் மேடை அவருக்கு உயரம். ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் நின்றுதான் சமைப்பார், வீடு மாறும்போது பாத்திரத்தோடு அந்தப் பலகையும் வரும். இங்கே வந்த இரண்டாவது மாதம் கொத்தனாரைக் கூப்பிட்டு மேடையை 4 அங்குலம் இறக்கினோம். யாரிடமும் கேட்கவில்லை. அம்மா மேடை மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. தோள்வலி என்று அவர் சொல்லிக் கேட்டு வருஷங்கள் ஆகின்றன. இந்த வீட்டில் எனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் அந்த மேடைதான், பலகணியும் இல்லை, வெளிச்சமும் இல்லை.

சுவர் இப்போது பூச்சோடு நிற்கிறது. பெயின்டர் நாளைக்கே அடித்துத் தருகிறேன் என்கிறார், நான் விடவில்லை. ஈரம் ஏறின சுவர் ஓர் அங்குலம் காய ஒரு மாதம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள், நாலரை அங்குலச் சுவர் இது. ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். இன்று காலையிலும் தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தது. அது வியர்க்காமல் நிற்கும் வரை யார் சொன்னாலும் பெயின்ட் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு என் பதில்: இப்போது வாங்காதே. எனக்குச் சுவர் உடைந்த கோபம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கையிருப்பு மொத்தத்தையும் முன்பணத்துக்கே கொட்டப்போகிறோம் என்று நீயே சொன்னாய். பதிவுச் செலவு, வரி, பராமரிப்புக் கட்டணம் எல்லாம் அதற்கு அப்புறம் வரும். வீட்டு மதிப்பில் வருஷத்துக்கு 1 சதவீதமாவது பழுதுக்கு ஒதுக்கச் சொல்வார்கள், உனக்கு முதல் வருஷத்துக்கே அது இருக்காது. வீட்டை விற்றுவிடுவீங்களா அக்கா என்று கேட்டாய். இரண்டு மடங்கு கொடுத்தாலும் விற்கமாட்டேன். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று நீ சொல்லலாம், எனக்கு இரண்டும் உண்மை.

மீறி அட்வான்ஸ் கொடுப்பதானால், அதற்கு முன்னால் இன்னொரு தடவை அந்த வீட்டுக்குப் போ. குளியலறைக்குப் பின்பக்கச் சுவரை முழங்கால் உயரத்தில் உள்ளங்கையால் தடவிப் பார். அங்கே பீரோ நிறுத்தியிருந்தால் நகர்த்தித் தரச் சொல்.