பிரஷ் மோட்டாரா, இண்டக்‌ஷன் மோட்டாரா? குமரி மாவட்ட வீட்டுக்கு எந்தப் பிரஷர் வாஷர்

குமரி மாவட்டத்தில் சொந்த வீடு வைத்திருப்பவருக்குப் பாசியைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. எடவப்பாதியில், அதாவது வைகாசி நடுவில், ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. இரண்டுக்கும் நடுவில் காம்பவுண்ட் சுவர் முழுசாகக் காய்வதே கிடையாது. தென்னையும் பலாவும் போடும் நிழல் வேறு. கிணற்றடியும் சிமெண்ட் முற்றமும் பச்சை பிடித்து வழுக்கும்போது, வயசானவர்கள் இருக்கும் வீட்டில் காலையில் கதவைத் திறக்கவே பயமாக இருக்கும். அதற்காகத்தான் தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சிக் கழுவும் பிரஷர் வாஷர் வாங்கினேன். நான் எடுத்தது இண்டக்‌ஷன் மோட்டார் மெஷின். என் சாய்வு அந்தப் பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடையில் மூன்று வகை காட்டுவார்கள்: கார்பன் பிரஷ் உள்ள சிறிய கரண்ட் மெஷின், இண்டக்‌ஷன் மோட்டார் மெஷின், பெட்ரோல் மெஷின். பெட்ரோல் மெஷினைச் சொந்தமாக வைத்து நான் ஓட்டியதில்லை, வாடகைக்கு எடுத்தவர்கள் ஓட்டும்போது பார்த்ததுதான். வயர் இழுக்க வேண்டாம், வேகமும் அதிகம். ஆனால் சத்தம் பக்கத்து வீட்டையும் எழுப்பும், எஞ்சின் ஆயில் பார்க்க வேண்டும், புகையில் கார்பன் மோனாக்சைடு இருப்பதால் மூடிய கார் ஷெட்டுக்குள் ஓட்டவே கூடாது. ஒரு வீட்டுக்கு அது அதிகம் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆக, போட்டி மற்ற இரண்டுக்கும்தான். விலையில் இண்டக்‌ஷன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெட்டியில் போட்டிருக்கும் 'பார்' என்ற அழுத்தக் கணக்கை இரண்டிலும் அப்படியே நம்ப வேண்டாம். அது உச்ச அழுத்தம், வேலை செய்யும்போது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பாசியைப் பெயர்ப்பது அழுத்தம் என்றால், பெயர்ந்ததைத் தள்ளிக்கொண்டு போவது தண்ணீரின் அளவு. அதனால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதையும் பாருங்கள்.

என்னை முடிவெடுக்க வைத்தது ரிப்பேர். மச்சான் வீட்டு பிரஷ் மெஷின் நின்றுபோனபோது, மோட்டார் வைண்டிங் கடையில் அதைப் பிரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கார்பன் பிரஷ் என்பது ஸ்பிரிங் வைத்த ஒரு சின்னக் கரித்துண்டு. மோட்டார் சுற்றும்போது அது கம்யூட்டேட்டர் என்ற சுற்றும் உருளையின் செம்புப் பட்டைகளில் உரசிக்கொண்டே இருக்கும். அந்த மெஷினில் கரி நகக்கனத்துக்குத் தேய்ந்திருந்தது, செம்பு கறுத்து வரிவரியாகக் கீறியிருந்தது. "அண்ணே, பிரஷ் மட்டும்னா மாத்திரலாம். கம்யூட்டேட்டர் போனா ஆர்மேச்சரே மாத்தணும். அந்தப் பைசாக்கு கொஞ்சம் கூடப் போட்டா புதுசே வாங்கிரலாம்" என்றார் கடைக்காரர். ஆர்மேச்சர் என்பது மோட்டாருக்குள் சுற்றும் பாகம்.

இது அந்த மெஷின் மட்டமானது என்பதால் வந்ததில்லை. அந்த வகை மோட்டார் மிக அதிக வேகத்தில் சுற்றும், சூடாகும், இடையிடையே ஆறவிட வேண்டும். ஒரு பைக்கைக் கழுவப் பத்து நிமிடம் போதும். நம் ஊர்க் காம்பவுண்ட் சுவரும் முற்றமும் அப்படி முடிகிற வேலையா? ஆரம்பித்தால் ஒரு காலைப்பொழுது போய்விடும்.

இண்டக்‌ஷன் மோட்டாரில் தேய பிரஷே இல்லை. நிமிடத்துக்கு 2,800 சுற்று அளவில் நிதானமாக ஓடும், சத்தமும் குறைவு. முக்கியமாக, அடிப்படையில் இது நம் கிணற்று மோட்டாரின் வகை. வீட்டுக்கு வீடு கிணறும் பம்பும் இருக்கிற மாவட்டம் இது. கெப்பாசிட்டர் போனாலும் வைண்டிங் எரிந்தாலும் பேரிங் சத்தம் போட்டாலும் நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, பக்கத்து ஜங்ஷனில் கைவைக்கத் தெரிந்த ஆள் இருப்பார். கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தொல்லை பாதி குறைகிறது. மீதிப் பாதி பம்பு பக்கம். அதன் ஆயில் சீல், வால்வு, ட்ரிகர் கன் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. இவை இங்கே கிடைக்குமா என்று பணம் கட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

கடைக்காரர் குழப்பினால் மெஷினைத் தூக்கிப் பாருங்கள். ஒரு கையில் சுலபமாக வந்தால் பெரும்பாலும் பிரஷ். இண்டக்‌ஷன் 15 கிலோவுக்கு மேல்கூட இருக்கும். மொட்டை மாடிக்கு ஏற்ற அது சிரமம்தான், மறைக்கவில்லை. இன்னொரு குறை வோல்டேஜ். லோ வோல்டேஜில் பிரஷ் மெஷின் வேகம் குறைந்தாவது ஓடும், இண்டக்‌ஷன் ஸ்டார்ட் ஆகாமல் முனகும். முனகினால் உடனே ஆஃப் செய்ய வேண்டும், இல்லையென்றால் வைண்டிங் சூடாகிவிடும். எங்கள் பக்கம் சாயங்காலம் வோல்டேஜ் இறங்குவதால் நான் காலையில்தான் எடுக்கிறேன்.

முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சி மாதிரி கடலோர ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால், பம்பின் ஹெட் பித்தளையா அலுமினியமா என்று கேளுங்கள். உப்புக்கு அலுமினியம் சீக்கிரம் அரித்துவிடும். பித்தளை எத்தனை வருஷம் தாங்கும் என்பதை அனுபவத்தில் சொல்ல முடியாது, என் வீடு கடலைத் தள்ளி இருக்கிறது. இங்கே தொல்லை செம்மண்தான். தண்ணீர் நுழையும் இடத்து ஃபில்டரை ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கழுவிவிடுகிறேன்.

ஒரு மாடி உயரத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு அரை பார் அழுத்தம்கூட இருக்காது. மெல்லிய நீள ஹோஸில் அதுவும் குறைந்தால் பம்பு காற்றை இழுத்துக் கெட்டுவிடும். அகலமான, குட்டையான ஹோஸ் போடுங்கள். டிரம்மிலிருந்து தானே உறிஞ்சும் மெஷின் என்றால் இன்னும் நல்லது.

அப்புறம் கரண்ட். 16 ஆம்பியர் பிளக், மண் இணைப்பு, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக ஆஃப் ஆகும் சுவிட்ச்) மூன்றும் இல்லாமல் ஈரத் தரையில் இதை ஓட்டாதீர்கள். கல்யாண வீட்டு லைட்டுக்கு இழுக்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் சூடாகும், வோல்டேஜையும் தின்றுவிடும்.

ஜெட்டைக் கை, கால், பிள்ளைகள், நாய் யார் பக்கமும் திருப்பக் கூடாது. தோலைத் துளைத்துத் தண்ணீர் உள்ளே போனால் வெளியே ஊசி குத்தின அளவுதான் தெரியும், உள்ளே சதையும் நரம்பும் கெட்டுக்கொண்டிருக்கும். மருந்து தடவிப் பொறுத்துப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், பிரஷர் வாஷர் பட்டது என்று சொல்ல வேண்டும். செருப்போடு நிற்காமல் பூட்ஸும் கண்ணாடியும் போடுங்கள். ஏணியில் நின்று அடிக்கவே வேண்டாம், கன் பின்னால் உதைக்கும்.

தண்ணீர் பீய்ச்சும் முனையான நாசிலில், தண்ணீர் எவ்வளவு விரியும் என்பதை நிறம் காட்டும். சிவப்பு 0 டிகிரி, அதை வீட்டில் தொட வேண்டியதில்லை. சிமெண்ட் தரைக்குப் பச்சை, அதாவது 25 டிகிரி. காருக்கு வெள்ளை, 40 டிகிரி, ஒரு அடி தள்ளி. பழைய ஓட்டு வீட்டின் சுண்ணாம்புப் பூச்சில் அடித்தால் பூச்சு குழி விழும். ஓட்டுக் கூரையில் கீழிருந்து அடித்தால் தண்ணீர் வீட்டுக்குள் வரும். இண்டர்லாக் கல்லில் இடுக்கு மணல் பறந்துவிடும், திரும்ப நிரப்ப வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் தொடவே கூடாது, நார் பறந்து நுரையீரலுக்குப் போகும்.

பாசி கனமாக இருந்தால் பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தெளித்துக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு அடித்தால் சீக்கிரம் வரும். பாத்ரூம் ஆசிட்டை அதோடு சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். கிணற்றடியில் மட்டும் நான் பிளீச்சிங் போடுவதில்லை. கைப்பிடிச் சுவருக்கு வெளியே நின்று, கழிவுநீர் வாய்க்கால் பக்கம் ஓடும்படி அடிக்கிறேன்.

வேலை முடிந்ததும் மெஷினை ஆஃப் செய்து, பைப்பை மூடி, ட்ரிகரை அழுத்தி உள்ளே நிற்கும் அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுத்தான் ஹோஸைக் கழற்ற வேண்டும்.