கன்வென்ஷனலா, அட்ரஸபிளா? ஒரு கல்யாண மண்டபத்தின் ஃபயர் அலாரம்

திருச்சியில் நான் நிர்வாகம் பார்க்கும் கல்யாண மண்டபத்தில் மூன்று வருஷத்துக்கு முன்னால் பழைய ஃபயர் அலாரத்தைக் கழற்றிவிட்டுப் புதியது போட்டோம். பழையது எட்டு ஜோன் கன்வென்ஷனல், அதாவது கட்டடத்தை எட்டுப் பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதியில் தீ என்று மட்டும் காட்டுவது. புதியது ஒற்றை லூப் அட்ரஸபிள், அதாவது கட்டடத்தைச் சுற்றிவரும் ஒரே வயரில் ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் கொடுத்து, எந்தக் கருவி என்றே சொல்வது. இரண்டையும் வைத்துப் பராமரித்த அனுபவத்தில் எழுதுகிறேன். என் சாய்வு அட்ரஸபிள் பக்கம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் ஊர்க்காரர்கள் இந்த விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டோம். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தீப்பிடித்து, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே வருஷம் ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். இரண்டு இடத்திலும் தீ கீற்றுக் கூரையில் பிடித்து ஓடியது. அந்த வேகத்துக்கு எந்த அலாரமும் ஈடுகொடுத்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனாலும் ஒரு முகூர்த்தத்துக்கு எண்ணூறு பேர் உள்ளே வரும்போது அந்த இரண்டு தேதிகளும் எனக்கு ஞாபகத்துக்கு வரும்.

புதியது வாங்குவது என்று கமிட்டியில் முடிவானதும், போகிற இடமெல்லாம் அண்ணாந்து பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை, தியேட்டர், வங்கி, எதையும் விடவில்லை. கூரையில் ஒட்டியிருக்கும் வட்டமான வெள்ளைப் பொருளெல்லாம் டிடெக்டர் இல்லை என்பது முதல் பாடம். நடுவில் சிவப்புத் திரவம் நிறைந்த சின்னக் கண்ணாடிக் குமிழ் இருந்தால் அது ஸ்பிரிங்க்ளர். அந்தக் குமிழ் 68 டிகிரியில் உடைந்து தண்ணீரைத் திறந்துவிடும். இடுக்கோ துளையோ இல்லாமல் அகலத் தட்டு மாதிரி இருந்தால் பெரும்பாலும் வைஃபை பெட்டி. சுற்றிலும் புகை நுழைய இடுக்கு, உள்ளே மெல்லிய வலை, ஓரத்தில் ஒரு எல்.இ.டி. இருந்தால் ஸ்மோக் டிடெக்டர். சமையற்கட்டுப் பக்கம் இருப்பதில் நடுவே மிளகு அளவில் ஒரு சென்சார் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஹீட் டிடெக்டர்.

எல்.இ.டி. மினுக்கினால் அட்ரஸபிள் என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. அதை நம்ப வேண்டாம், கன்வென்ஷனலிலும் மினுக்குகிற மாடல்கள் இருக்கின்றன. டிடெக்டரின் அடித்தட்டில் 1-034 என்பது மாதிரி எண் ஒட்டியிருந்தால் அது கொஞ்சம் நம்பகமான அடையாளம். தீர்மானமாகத் தெரிய வேண்டுமானால் வரவேற்பறையிலோ செக்யூரிட்டி அறையிலோ இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியான பேனலைப் பார்க்க வேண்டும். ஜோன் 1, ஜோன் 2 என்று சீட்டு செருகி வரிசையாகச் சிவப்பு விளக்குகள் மட்டும் இருந்தால் கன்வென்ஷனல். எழுத்து ஓடும் திரையும் எண் விசைகளும் இருந்தால் அநேகமாக அட்ரஸபிள்.

வகை எதுவானாலும் முதலில் மஞ்சள் விளக்கைப் பாருங்கள். பச்சை மட்டும் எரிந்தால் நல்ல நிலை, சிவப்பு தீ, மஞ்சள் பழுது. நான் பார்த்த பேனல்களில் பல, மஞ்சள் எரிந்தபடி, பஸ்ஸர் அமுக்கப்பட்டுக் கிடந்தன. பெயின்ட் அடிக்கும்போது டிடெக்டருக்குப் போட்ட பிளாஸ்டிக் மூடியை எடுக்காமலே விட்டிருந்த கட்டடங்களும் உண்டு. அந்த மூடிக்குள் புகை போகவே போகாது.

இனி வேறுபாட்டுக்கு வருகிறேன். கன்வென்ஷனலில் ஒரு ஜோனுக்கு இரண்டு வயர். அதில் இருபது டிடெக்டர் வரைக்கும் வரிசையாக மாட்டி, கடைசியில் ஒரு ரெசிஸ்டர் வைத்து முடிப்பார்கள். அதன் வழியாக ஓடும் சிறு மின்னோட்டத்தை வைத்துத்தான் வயர் அறுபடாமல் இருக்கிறது என்று பேனல் தெரிந்துகொள்ளும். எந்த டிடெக்டர் புகையைக் கண்டாலும் அந்த வயரில் மின்னோட்டம் கூடும். ஆறாவது ஜோனில் தீ என்பதற்கு மேல் பேனலுக்கு எதுவும் தெரியாது. அட்ரஸபிளில் ஒவ்வொரு டிடெக்டருக்கும், ஒவ்வொரு கண்ணாடி உடைக்கும் பெட்டிக்கும் தனி எண். பேனல் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு நிலவரம் கேட்டுக்கொண்டே இருக்கும். வயர் பேனலில் புறப்பட்டுக் கட்டடத்தைச் சுற்றிப் பேனலுக்கே திரும்பி வருவதால், ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபக்கத்திலிருந்து வேலை நடக்கும்.

தொழில்நுட்பம் இவ்வளவு போதும். நான் கட்சி மாறியதற்குக் காரணம் ஹூட்டர் என்னும் சைரன் அடித்த பிறகு நடப்பவை.

எங்கள் இரண்டாவது மாடியில் பதினான்கு அறைகள். கன்வென்ஷனல் காலத்தில் அத்தனையும் ஒரே ஜோன். கல்யாணத்துக்கு முந்தின இரவு, மூன்று மணிக்கு ஹூட்டர் அடிக்கும். பேனலில் ஜோன் 6 எரியும். நாங்கள் மாடிக்கு ஓடி ஒவ்வொரு கதவாகத் தட்டுவோம். தூண்டப்பட்ட டிடெக்டரில் சிவப்பு எல்.இ.டி. அணையாமல் எரியும், அதைக் கண்டுபிடித்துவிட்டால் இடம் தெரிந்துவிடும். ஆனால் நாங்கள் மேலே தேடிக்கொண்டிருக்கும்போதே சத்தம் தாங்காமல் கீழே யாராவது ரீசெட் அமுக்கிவிடுவார்கள். அந்த நொடியில் மேலே எல்.இ.டி.யும் அணைந்துவிடும். புகையா, கொசுவர்த்தியா, டிடெக்டருக்குள் சிலந்தி புகுந்ததா, எதுவும் தெரியாமல் இறங்கி வருவோம். கதவுக்கு மேலே ரெஸ்பான்ஸ் இண்டிகேட்டர் என்று சின்ன விளக்கு வைத்தால் பூட்டிய அறையையாவது கண்டுபிடிக்கலாம். எங்களுக்கு அதை வைத்துத் தரவில்லை. ரீசெட் செய்தால் அதுவும் சேர்ந்துதான் அணையும்.

இதைவிட மோசமானது ஹோமம். முகூர்த்தம் நடக்கும் கூடத்தில் நெய்யும் சமித்தும் எரியும்போது ஸ்மோக் டிடெக்டர் சும்மா இருக்காது, இருக்கவும் கூடாது. கன்வென்ஷனலில் அதற்கு ஒரே வழி அந்த ஜோனையே நிறுத்தி வைப்பதுதான். எங்கள் ஜோன் 3-ல் கூடத்தோடு மணமகள் அறை, மணமகன் அறை, சாமான் அறை எல்லாம் சேர்ந்திருந்தன. ஹோமத்துக்காக நாங்கள் குருடாக்கியது அந்த நாலு இடத்தையும். விடிகாலை நாலரைக்கு நிறுத்தியதைத் திரும்பப் போட மறந்து, மறுநாள் மதியம் பார்த்த சந்தர்ப்பமும் உண்டு. அன்றைக்கு அந்தச் சாமான் அறையில் முப்பது பிளாஸ்டிக் நாற்காலி அடுக்குகளும் அலங்காரத் துணியும் கிடந்தன. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது மணவறைக்கு மேலே இருக்கும் இரண்டு எண்களை மட்டும் நிறுத்துகிறோம். மற்ற அறுபத்தெட்டும் விழித்திருக்கின்றன. அந்த இரண்டும் நின்றிருக்கும்வரை பேனலில் அதற்கென்று இருக்கும் மஞ்சள் விளக்கு எரியும், திரையிலும் எண்கள் நிற்கும். மறந்துபோனாலும் அடுத்து அந்தப் பக்கம் வருகிறவர் கண்ணில் படும். மண்டபம் மாதிரி புகையோடு வாழ்கிற கட்டடத்துக்கு இந்த ஒரு வசதிக்காகவே கூடுதல் காசு கொடுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

துடைப்பு வேலையிலும் வித்தியாசம் பெரிது. தூசி படியப் படிய ஸ்மோக் டிடெக்டர் தன் நிதானத்தை இழக்கும்; வெறும் தூசியையே புகை என்று எடுத்துக்கொள்ளும். கன்வென்ஷனலில் அது பொய்யாக அடித்த பிறகுதான் தெரியும். எங்கள் பேனல் ஒவ்வொரு டிடெக்டரின் அளவையும் காட்டுகிறது, எல்லை நெருங்கினால் இன்ன எண்ணைச் சுத்தம் செய் என்கிறது. பந்தி நடக்கிற கீழ்த்தளத்து டிடெக்டர்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி ஊதுகிறோம். மாடியில் வருஷத்துக்கு ஒருமுறை போதுகிறது. முன்பெல்லாம் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தோம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். விலை அதிகம், எங்களுக்கு வந்த விலைப்புள்ளிகளில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதைவிட முக்கியமானது பூட்டு. கன்வென்ஷனல் டிடெக்டர் ஒன்று போனால் அடித்தட்டோடு மாற்றி வேறு கம்பெனிச் சரக்கைக்கூடப் பல சமயம் போட்டுவிடலாம். அட்ரஸபிளில் பேனல் பேசுகிற மொழியை டிடெக்டரும் பேச வேண்டும். சில தயாரிப்பாளர்களின் டிடெக்டர்கள் அவர்கள் பேனலோடு மட்டுமே பேசும். அப்பல்லோ, ஹோச்சிகி மாதிரி சிலருடையதைப் பல கம்பெனிப் பேனல்களில் இணைக்கலாம். வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இந்த டிடெக்டர் வேறு யாருடைய பேனலில் ஓடும்?

இரண்டாவது கேள்வி பாஸ்வேர்டு. எண்ணுக்குப் பெயர் வைக்க, சேர்க்க, நீக்க ஒரு மேல்நிலை பாஸ்வேர்டு வேண்டும். முதலில் எங்களுக்கு வேலை செய்துகொடுத்தவர் அதைத் தராமல் போய்விட்டார். சாமான் அறையின் பெயரை மாற்றக்கூட அவரைக் கூப்பிட்டுக் காசு கொடுக்க வேண்டியிருந்தது. வருஷப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, பாஸ்வேர்டும் பேனலின் கான்ஃபிகரேஷன் ஃபைலும் கையில் வந்தால்தான் செக் என்று நின்று வாங்கினோம். கடைசித் தவணையைப் பிடித்து வைத்துக்கொண்டு இதைத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுங்கள்.

லூப்பைப் பேனலோடு இணைக்கும் சர்க்யூட் அட்டையான லூப் கார்டு எங்களுக்கு இதுவரை பழுதாகவில்லை. ஆனால் என்ன செலவு என்பதைப் பட்டுச் சொல்ல மூன்று வருஷ அனுபவம் போதாது. வயர் இல்லாத வகையை ஒரு விடுதியில் பார்த்ததோடு சரி, அதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

கன்வென்ஷனல் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரே தளத்தில் நாலைந்து அறை உள்ள கிளினிக், சின்ன நூலகம், வங்கிக் கிளை போன்ற இடங்களில் ஜோன் விளக்கு எரிந்ததுமே எந்த அறை என்று தெரிந்துவிடும். அங்கே அதுவே போதும், உள்ளூர் எலக்ட்ரீஷியனே பார்த்துக்கொள்வார். ஒரு எச்சரிக்கை மட்டும்: கடைசி டிடெக்டரில் இருக்க வேண்டிய ரெசிஸ்டரைப் பேனலுக்குள்ளேயே முறுக்கி வைத்து, வயர் அறுந்தாலும் பச்சை விளக்கு எரிகிற மாதிரி செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை முடிந்து ஒப்படைக்கும் நாளில் ஒவ்வொரு ஜோனிலும் கடைசி டிடெக்டரை உங்கள் கண் முன்னால் கழற்றச் சொல்லுங்கள். பேனல் பழுது காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேலை முடியவில்லை.

போன தை மாதம் விடிகாலை நாலு மணிக்கு போன் வந்தது. எங்கள் இரவுக் காவலருக்குப் பேனலில் ஓடும் ஆங்கிலம் படிக்க வராது. பேனலுக்குப் பக்கத்தில் எண்ணும் இடமும் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறோம். "சார், 34 அடிக்குதுங்க, சாமான் ரூம். போய்ப் பார்த்துட்டேன், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கருகிப் புகையுது. மெயினை ஆஃப் பண்ணிட்டேன். ரீசெட் பண்ணட்டுங்களா?" நான் செருப்பைக்கூட மாட்டியிருக்கவில்லை.