ஹானா ஹெச்ஐ736 பாஸ்பரஸ் செக்கர்: ரீஃப் டேங்கில் இதன் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ரீஃப் டேங்கில், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில், ஃபாஸ்ஃபேட்டை 0.03 முதல் 0.10 பிபிஎம்முக்குள் (லிட்டருக்கு மில்லிகிராம்) ஆடாமல் நிறுத்த நினைக்கிறவர்களுக்கு, தண்ணீரின் நிறத்தை அளந்து எண் காட்டும் இது வாங்கத் தகுந்த கருவி. அதே சமயம், திரையில் வந்த ஒரே ஒரு எண்ணைப் பார்த்து அன்றைக்கே டேங்கில் எதையாவது ஊற்றும் பழக்கம் உள்ளவர்கள் கையில் இது பவளங்களுக்கு ஆபத்து. காரணம் கருவியின் துல்லியக் கணக்கிலேயே இருக்கிறது.

ஹெச்ஐ736 காட்டுவது ஃபாஸ்ஃபேட் அல்ல, பாஸ்பரஸ். அளவு 0 முதல் 200 பிபிபி (பிபிஎம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை, ஒவ்வொரு பிபிபியாக. வரும் எண்ணை 3.066-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் ஃபாஸ்ஃபேட் பிபிஎம்மில் கிடைக்கும். 10 என்று வந்தால் ஏறக்குறைய 0.03, 33 என்று வந்தால் 0.10. மனக்கணக்குக்கு மூன்றால் பெருக்கினாலே போதும்.

துல்லியம் ±5 பிபிபி, அதோடு காட்டும் எண்ணில் ±5 சதவீதம். திரையில் 10 என்று இருந்தால் உண்மை அளவு 4.5 முதல் 15.5 வரை எங்கும் இருக்கலாம். ஃபாஸ்ஃபேட்டாகச் சொன்னால் 0.014 முதல் 0.048 வரை. நேற்று 9, இன்று 13 என்றால் ஃபாஸ்ஃபேட் ஏறிவிட்டது என்று அர்த்தமில்லை. 9, 13, 17, 22 என்று இரண்டு வாரமாக ஒரே பக்கம் நகர்ந்தால்தான் ஏறுகிறது. இந்தக் கருவியின் உண்மையான பலம் இதுதான்: ஒரே குப்பி, ஒரே கைப்பக்குவம், ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டால் பிழையில் பெரும் பகுதி எல்லாச் சோதனைக்கும் பொதுவாகிவிடும், போக்கு தெளிவாகத் தெரியும்.

அதே நிறுவனத்தின் ஹெச்ஐ774 நேராக ஃபாஸ்ஃபேட்டையே 0.90 பிபிஎம் வரை காட்டும், துல்லியம் ±0.02 ±5 சதவீதம், அதாவது ஏறக்குறைய இதே தரம். பெருக்கல் வேண்டாம் என்றால் அதை எடுக்கலாம். அவர்களின் இன்னொரு ஃபாஸ்ஃபேட் செக்கரான ஹெச்ஐ713 மட்டும் ரீஃப் டேங்குக்குச் சரிவராது. ±0.04 பிழையுள்ள கருவியை வைத்து 0.03-ஐத் தேடுவதில் பயனில்லை.

சோதிக்கும் முறையில்தான் பலருக்கும் எண்கள் தாறுமாறாகின்றன. தண்ணீருக்கு நிறமேற்றும் தூள் பாக்கெட்டைத் தட்டித் தூளைக் கீழே இறக்கி, மேல் ஓரத்தை முழுதாக வெட்டி, பக்கவாட்டில் ஒட்டு விட்டுப்போகும் அளவுக்கு இன்னொரு வெட்டு போட்டு, மூக்கு மாதிரி மடித்துத் தயாராக வையுங்கள். இதையெல்லாம் பொத்தானை அமுக்கும் முன்பே செய்துவிட வேண்டும். கருவி சும்மா கிடந்தால் தானே அணைந்துவிடும். அணைந்தால் திரும்ப முதலிலிருந்துதான். குப்பியை டேங்க் தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசி, 10 மி.லி. கோடு வரை நிரப்பி, வெளிப்பக்கத்தைப் பஞ்சு உதிராத துணியால் துடையுங்கள். விரல் ரேகையோ உப்புத் துளியோ வெளிச்சத்தை மறித்தால் அதையும் கருவி பாஸ்பரஸாகவே எண்ணும்.

திரையில் சி1 வந்ததும் தூள் போடாத குப்பியை வைத்து அமுக்கினால் அந்தத் தண்ணீர் பூஜ்யமாகப் பதிவாகும். சி2 வந்ததும் அதே குப்பியை எடுத்து முழுப் பாக்கெட்டையும் கொட்டுங்கள். பாக்கெட் மூலையில் ஒட்டிய தூளையும் சுண்டி இறக்கவும். பெட்டியில் இரண்டு குப்பிகள் இருந்தாலும் பூஜ்யத்துக்கும் அளவுக்கும் ஒன்றையே பயன்படுத்துங்கள். இரண்டு கண்ணாடிக்கும் உள்ள சிறு வித்தியாசமே சில பிபிபி காட்டிவிடும். மூடியில் ஒரு புள்ளி வைத்து, அது எப்போதும் உங்களைப் பார்த்திருக்கும்படி கருவிக்குள் இறக்கினால் இன்னும் நல்லது.

பிறகு 2 நிமிடம் மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். வேகமாகக் குலுக்கினால் நுண்குமிழிகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு எண்ணை உயர்த்திக் காட்டும். கரையாத தூள் துகளும் அதே தவற்றைச் செய்யும். கலக்கி முடித்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குமிழி தெரிந்தால் நகத்தால் தட்டி மேலேற்றுங்கள். குப்பியை உள்ளே வைத்து, நேரம் ஓடத் தொடங்கும் வரை பொத்தானை விடாமல் அமுக்கிப் பிடிக்க வேண்டும். 3 நிமிடம் எண்ணி முடித்து அளவைக் காட்டும். சும்மா ஒரு தட்டு தட்டினால் நிறம் முழுதாக ஏறும் முன்பே அளந்துவிடும், எண் குறைவாக வரும். முடிந்த கையோடு குப்பியை ஆர்ஓ-டிஐ (வடிகட்டி உப்பெல்லாம் நீக்கிய) தண்ணீரால் கழுவுங்கள். பாத்திரம் துலக்கும் சோப்பு வேண்டாம்.

வாங்கிய புதிதில் ஒரே தண்ணீரில் மூன்று முறை அடுத்தடுத்துச் சோதித்துப் பார்ப்பது நல்லது. 2, 3 பிபிபிக்குள் வந்தால் கை பழகிவிட்டது. 10 பிபிபி வித்தியாசம் வந்தால் குமிழி, தூள், குப்பி மூன்றில் ஒன்று. ஆர்ஓ-டிஐ தண்ணீரையும் ஒருமுறை சோதியுங்கள். அது பூஜ்யத்தை ஒட்டி வரவில்லை என்றால் குப்பியோ வடிகட்டியோ சுத்தமாக இல்லை.

எண் ஏறுகிறது என்று உறுதியான பிறகு என்ன செய்வது? ஜிஎஃப்ஓ (ஃபாஸ்ஃபேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்ஸைடு குருணை) போடுகிறவர்கள் லேபிளில் உள்ள அளவில் கால் பங்கோடு ஆரம்பியுங்கள். மொத்தமாகப் போட்டால் ஓரிரு நாளில் ஃபாஸ்ஃபேட் சரிந்து, பவளத்தின் நுனி வெளுத்துத் திசு உரியத் தொடங்கலாம். சில நாள் கழித்து எண் திரும்ப ஏறினால் ஜிஎஃப்ஓ வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். கல்லும் மணலும் கால்சியம் கார்பனேட். ஃபாஸ்ஃபேட்டைப் பிடித்து வைத்திருக்கும், தண்ணீரில் குறைந்தால் திரும்ப விடும். பழைய கல் நிறைந்த டேங்கில் இப்படித் திரும்ப விடுவது வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நடக்கும்.

ஃபாஸ்ஃபேட் மிகக் குறைந்துபோய் அதை ஏற்றும்போதும் இதே கதைதான். பொட்டாசியம் டைஹைட்ரஜன் ஃபாஸ்ஃபேட் ஆய்வகத் தரத்தில் 1.43 கிராம் எடுத்து 1 லிட்டர் ஆர்ஓ-டிஐ தண்ணீரில் கரைத்தால், அதில் 1 மி.லி. 100 லிட்டர் டேங்க் தண்ணீரை 0.01 பிபிஎம் உயர்த்தும். செக்கரில் அது 3 பிபிபி. ஒரு நாளுக்கு அதற்கு மேல் வேண்டாம். முதல் வாரம் திரையில் ஒன்றுமே அசையாமல் போகலாம், கல் குடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அளவை இரட்டிப்பாக்குவதுதான் பெரும்பாலும் நடக்கும் விபத்து.

தொடர்ந்து 0 வருவதைச் சாதனையாக நினைக்காதீர்கள். நைட்ரேட்டும் ஃபாஸ்ஃபேட்டும் வற்றிய டேங்கில்தான் டைனோ (டைனோஃப்ளாஜெல்லேட் என்ற தொல்லை தரும் நுண்ணுயிர்) அடிக்கடி தலைகாட்டும். இன்னொன்று, செக்கர் பார்ப்பது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆர்த்தோஃபாஸ்ஃபேட் என்ற வடிவத்தை மட்டும். கண்ணாடியெல்லாம் பச்சையாக இருந்தும் 0 காட்டினால், வருவதைப் பாசி உடனுக்குடன் தின்றுவிடுகிறது என்று பொருள்.

நைட்ரேட்டைக் கூடவே பார்க்காமல் இந்த எண்ணை வைத்து முடிவெடுக்கக் கூடாது. பாக்டீரியாவை வளர்க்க வோட்கா, வினிகர் மாதிரி கார்பன் உள்ளதை ஊற்றும் (கார்பன் டோஸிங்) டேங்கில் நைட்ரேட் பூஜ்யத்தைத் தொட்டதும் பாக்டீரியா வளர்ச்சி நின்று ஃபாஸ்ஃபேட் இறங்காமல் அடம்பிடிக்கும். அங்கே ஜிஎஃப்ஓ தேடுவதைவிட நைட்ரேட்டை 2 முதல் 5 பிபிஎம்முக்குக் கொண்டுவருவது சரியான வழி. அதற்கு நல்ல நிற ஒப்பீட்டு கிட் ஒன்றே போதும். ஹெச்ஐ782 நைட்ரேட் செக்கரின் ±2 பிபிஎம் பிழை, 5 பிபிஎம் அளவில் அதைவிடப் பெரிய உதவி எதையும் தருவதில்லை.

வாரம் இரண்டு முறை, தீனி போடும் முன், ஒரே மணி நேரத்தில் சோதித்துக் குறித்து வைத்தால் 25 பாக்கெட் கொண்ட ரீஃபில் மூன்று மாதம் வரும். அதை வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள், ஈரப்பதமில்லாத இடத்தில் வையுங்கள். தூள் கட்டி தட்டியிருந்தால் அந்தப் பாக்கெட்டைப் பயன்படுத்த வேண்டாம்.