நீக்கிய குரலும் சேர்ந்து வரும் சிடி: ‘ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ’ லெகசி எடிஷன்

தி பேர்ட்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ’ ஆல்பம் 1968 ஆகஸ்டில் வந்தது. 11 பாட்டு. அதையே இரண்டு சிடியாகப் பெருக்கி 2003-ல் லெகசி எடிஷன் என்று போட்டார்கள். நான் எழுதப்போவது அந்த இரண்டு சிடி பதிப்பைப் பற்றி. சென்னையில் பழைய இசைத்தட்டும் சிடியும் விற்கிற ஒரு கடையில் செகண்ட்ஹேண்டாகக் கிடைத்தது. அட்டையின் ஓரம் நைந்து போயிருந்தது, தட்டுகளில் கீறல் இல்லை. கடைக்காரர் சொன்ன விலைக்குக் கொஞ்சம் பேரம் பேசி வாங்கினேன், முழு விலை கொடுத்திருந்தாலும் வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

காரணம் இதுதான். கோடம்பாக்கத்தில் ட்ராக் பாடுகிறவர்கள் கதை நமக்குத் தெரியும். யாரோ ஒருவர் உயிரைக் கொடுத்துப் பாடி வைப்பார், படம் வெளியாகும்போது அதே மெட்டில் பெரிய பாடகரின் குரல் இருக்கும், ட்ராக் பாடியவர் தியேட்டரில் உட்கார்ந்து தன் மூச்சு வாங்குகிற இடத்தில்கூட இன்னொருவர் மூச்சு வாங்குவதைக் கேட்பார். இந்த ஆல்பத்திலும் அதுதான் நடந்தது. ஒரே வித்தியாசம், ட்ராக் பாடியவர் என்று ஓரம் கட்டப்பட்ட கிராம் பார்சன்ஸ்தான் அந்த ஆல்பம் அப்படி ஒலித்ததற்கே காரணம்.

கொஞ்சம் பின்னால் போனால்தான் புரியும். பேர்ட்ஸ் என்றால் 12 தந்தி ரிக்கன்பேக்கர் கிதார், அடுக்கடுக்காகச் சேர்ந்திசை, பாப் டிலன் பாட்டுகளுக்கு மின்சாரம் ஏற்றியது, இப்படித்தான் எல்லோருக்கும் ஞாபகம். (ரவிசங்கரையும் ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேனையும் டேப்பில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டு 1966-ல் ‘எய்ட் மைல்ஸ் ஹை’ பாட்டைச் செய்தவர்களும் இவர்களே, அது தனிக் கதை.) 1967 கடைசியில் குழு கரைந்து ராஜர் மெக்வின், கிறிஸ் ஹில்மன் என்று இரண்டே பேர் மிஞ்சினார்கள். நாட்டுப்புற இசையில் ஆரம்பித்து எலக்ட்ரானிக் இசை வரைக்கும் அமெரிக்க இசையின் மொத்த வரலாற்றையும் ஒரு இரட்டை ஆல்பத்தில் கொண்டுவர வேண்டும் என்று மெக்வினுக்கு ஆசை. அதற்கு ஒரு பியானோக்காரர் தேவைப்பட்டார். வந்து சேர்ந்தவர் 21 வயது கிராம் பார்சன்ஸ். புளோரிடாவில் ஆரஞ்சுத் தோட்டங்கள் வைத்திருந்த பணக்காரக் குடும்பத்துப் பையன், ஹார்வர்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு ஓடிவந்தவர், தலை முழுக்க கன்ட்ரி, அதாவது அமெரிக்கத் தெற்குப் பக்கத்துக் கிராமத்து இசை. சில வாரங்களில் மெக்வினின் வரலாற்றுத் திட்டம் காணாமல் போனது, குழு கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்கு வண்டி ஏறியது.

அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய வம்பு என்று இங்கிருந்து பார்த்தால் சட்டென்று பிடிபடாது. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த வருஷம் அது. நீள முடிக்காரர்களுக்கு கன்ட்ரி என்றாலே போரை ஆதரிக்கிற கிழவர்களின் பாட்டு, கன்ட்ரிக்காரர்களுக்கு நீள முடி என்றாலே ஆகாது. 1968 மார்ச் 15 அன்று கன்ட்ரி இசையின் கோயிலான கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் பேர்ட்ஸ் ஏறினார்கள், அதற்காக முடியைக்கூட வெட்டிக்கொண்டார்கள். கூட்டத்தில் சிலர் பறவை மாதிரி கீச்சிட்டுக் கேலி செய்தார்கள். கன்ட்ரி பாடகர் மெர்ல் ஹேகார்டின் ‘லைஃப் இன் ப்ரிஸன்’ வரும் என்று அறிவித்தாகிவிட்டது. பார்சன்ஸ் கடைசி நிமிஷத்தில் அதை விட்டுவிட்டு, தன் பாட்டிக்காக என்று சொல்லி, தான் பாப் புக்கானனோடு சேர்ந்து எழுதிய ‘ஹிக்கரி விண்ட்’டைப் பாடினார். ஆப்ரி ஆட்கள் கொதித்துப் போனார்கள். சம்பிரதாயக் கச்சேரி சபையில் பல்லவி எடுக்க வேண்டிய நேரத்தில் சொந்தச் சாகித்யத்தைப் பாடினால் முன்வரிசை மாமாக்கள் முகம் எப்படிப் போகும்? அதே முகம்.

சரி, குரல் விஷயத்துக்கு வருகிறேன். பார்சன்ஸ் இதற்கு முன்னால் இன்டர்நேஷனல் சப்மரீன் பேண்ட் என்ற குழுவில் இருந்தபோது லீ ஹேஸில்வுட்டின் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருந்தார். வேறு கம்பெனியின் ஆல்பத்தில் பாடக் கூடாது என்று ஹேஸில்வுட் தரப்பு எழுந்தது. உடனே பார்சன்ஸ் பாடியிருந்த சில பாட்டுகளில் அவர் குரலை எடுத்துவிட்டு மெக்வினைப் பாட வைத்தார்கள், ஒரு பாட்டில் மெக்வினும் ஹில்மனும் சேர்ந்து பாடினார்கள். சட்டச் சிக்கல் மட்டும் காரணமில்லை, இது பார்சன்ஸின் ஆல்பமாகவே ஆகிவிடுமோ என்ற தயக்கமும் இருந்தது என்று தயாரிப்பாளர் கேரி அஷர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். எனக்கு இரண்டாவது காரணம்தான் கனமாகத் தெரிகிறது, ஏனென்றால் ‘ஹிக்கரி விண்ட்’ உள்பட மூன்று பாட்டுகளில் அவர் குரலை அப்படியே விட்டுவைத்தார்களே!

லெகசி எடிஷனின் முதல் தட்டில் ஆல்பத்தின் 11 பாட்டு முடிந்த பிறகு, பார்சன்ஸ் குரலோடு இருந்து நீக்கப்பட்ட அந்தப் பதிவுகள் வருகின்றன. ‘தி கிறிஸ்டியன் லைஃப்’ பாட்டின் இரண்டு வடிவங்களை அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். பாட்டு லூவின் சகோதரர்கள் என்ற கன்ட்ரி இரட்டையருடையது. ஆண்டவர் வழியில் நடப்பதால் பழைய சகாக்கள் விலகிப் போகிறார்கள், போகட்டும், எனக்கு இந்த வாழ்க்கைதான் பிடித்திருக்கிறது என்று ஒருவன் சொல்வதுதான் விஷயம். மெக்வின் சிகாகோக்காரர். அமெரிக்கத் தெற்கத்திக் கொச்சையை வரவழைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை இழுத்து இழுத்துப் பாடுகிறார். கெட்டிக்காரத்தனமான நடிப்பு, ஆனால் நடிப்பு. பார்சன்ஸ் அதே வரிகளை எந்த அலங்காரமும் இல்லாமல் பாடுகிறார், சில இடங்களில் சுருதி லேசாகத் தடுமாறுகிறது, அந்தத் தடுமாற்றத்திலேயே ஆள் உண்மையாகத்தான் சொல்கிறான் என்று தோன்றிவிடுகிறது.

பெரம்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு ஆங்கிலோ இந்திய அங்கிள் இருக்கிறார், ரயில்வேயில் இருந்து ரிட்டயரானவர். அவர்கள் வீட்டில் கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸ் ஓடாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது, கிறிஸ்துமஸ் வாரத்தில் கேட்கவே வேண்டாம். அவரிடம் எதுவும் சொல்லாமல் முதலில் மெக்வின் பாடியதைப் போட்டேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். “என்ன மேன் இது, சாமி பாட்டா, கிண்டலா?” அடுத்து பார்சன்ஸ். இந்த முறை கடைசி வரை கேட்டார். “இந்தப் பையன் சர்ச்சுல பாடலாம்” என்றார். “பாடினாரா தெரியாது அங்கிள், 26 வயசுல போதை மருந்துல செத்துப்போனார்” என்றேன். “அவனுங்கதான் நல்லா பாடுவானுங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஜிம் ரீவ்ஸைப் போட்டுக்கொண்டார்.

வாத்தியங்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். இந்த ஆல்பத்தின் நிஜ நாயகன் பெடல் ஸ்டீல் கிதார். மேஜை மாதிரி நிற்கும் சட்டத்தில் தந்திகள், இடது கையில் ஒரு உலோகத் துண்டு, கால்களில் பெடல்கள். உலோகம் தந்தி மேல் வழுக்கும்போது பெடலை அழுத்தினால் சில தந்திகள் மட்டும் ஸ்வரம் மாறும், மற்றவை அப்படியே நிற்கும். மார்கழியில் கோட்டு வாத்தியக் கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இந்த வழுக்கல் அந்நியமாகவே இருக்காது, ஆனால் ஒரு ஸ்வரம் நகர்கையில் பக்கத்து ஸ்வரம் நகராமல் நிற்கிற அந்தச் சங்கதி நமக்குப் புதுசு. நாஷ்வில் பதிவுகளில் இதை வாசித்தவர் லாய்ட் கிரீன். முதல் பாட்டான ‘யூ ஏன்ட் கோயின் நோவேர்’ பதிவில் எந்தெந்த இடத்தில் வாசிக்கட்டும் என்று அவர் கேட்டாராம், எல்லா இடத்திலும் என்று சொன்னார்களாம். நாஷ்வில்லில் அப்படி யாரும் சொல்லவே மாட்டார்கள், பாடகர் நிறுத்துகிற இடைவெளியில் நாலு நோட்டு வாசித்துவிட்டு ஒதுங்க வேண்டும், அதுதான் அங்கே மரியாதை. ஹெட்ஃபோனில் கேட்டால் மனிதர் கிடைத்த சுதந்திரத்தை எப்படி அனுபவிக்கிறார் என்று தெரியும், முதல் வரிக்கு முன்பே ஓடிவந்து நிற்கிறார்.

அந்தப் பாட்டு டிலனுடையது. மெக்வின் ஒரு வரியில் வார்த்தைகளை இடம் மாற்றிப் பாடிவிட்டார். டிலன் 1971-ல் தன் பதிவை வெளியிட்டபோது அதே வரியில் மெக்வின் பெயரையே போட்டுச் சீண்டினார். ரசிகர்களுக்கு இது பல வருஷத் தீனி.

‘ஹிக்கரி விண்ட்’ பற்றி அதிகம் பேசப் பிடிக்கவில்லை, கேட்டுவிடுங்கள். ஊரை விட்டு வந்தவன் பெரிய நகரத்தில் உட்கார்ந்து சிறுவயது மரங்களின் காற்றை நினைக்கிறான். அவ்வளவுதான். தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் வீடு எடுத்துத் தங்கியிருக்கிற பாதிப் பேருக்கு விளக்கம் தேவைப்படாது.

இனி குறைகள். இரண்டாவது தட்டு எல்லோருக்குமானது இல்லை. ஆரம்பத்தில் வரும் சப்மரீன் பேண்ட் பாட்டுகள் அருமை, பார்சன்ஸ் பேர்ட்ஸுக்கு வருவதற்கு முன்பே என்ன செய்துகொண்டிருந்தார் என்று அதில் பளிச்சென்று தெரிகிறது. அதற்குப் பிறகு ஒத்திகைப் பதிவுகள். அதே பாட்டு, அதே மெட்டு, சின்னச் சின்ன வித்தியாசம். இசை கற்கிறவர்களுக்குப் பொக்கிஷம், மற்றவர்கள் ஒரு தடவை கேட்டுவிட்டு அப்படியே உறைக்குள் போட்டுவிடுவார்கள். கையேட்டின் எழுத்து பொடி, என் வயசுக்குக் கண்ணாடி இல்லாமல் ஆகாது. இந்த ஆல்பத்தின் அட்டை ஓவியம் ஜோ மோரா 1933-ல் வரைந்த ரோடியோ போஸ்டரிலிருந்து எடுத்தது, குட்டிக் குட்டிக் குதிரைகளும் கயிற்றுச் சுழல்களும் நிறைந்தது. அதை சிடி அளவில் பார்ப்பது கொடுமை. அந்த ஒரு விஷயத்துக்காகப் பெரிய அட்டையோடு வரும் எல்பி இசைத்தட்டும் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஆல்பம் வந்தபோது பில்போர்ட் விற்பனைப் பட்டியலில் 77-வது இடத்தைத் தாண்டி மேலே ஏறவில்லை. வெளியாவதற்குள்ளேயே பார்சன்ஸ் குழுவை விட்டுப் போய்விட்டார். நிறவெறி ஆட்சியில் இருந்த தென்னாப்பிரிக்காவுக்குச் சுற்றுப்பயணம் வர மாட்டேன் என்று லண்டனில் கழன்றுகொண்டார். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸோடு சுற்றத்தான் தங்கினார் என்று கூட இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், இரண்டுமே உண்மையாக இருக்கலாம். பிறகு ஹில்மனையும் இழுத்துக்கொண்டு ஃப்ளையிங் பரிட்டோ பிரதர்ஸ் என்ற குழு, அப்புறம் பாடகி எமிலூ ஹாரிஸோடு இரண்டு தனி ஆல்பங்கள், 1973 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் ஜோஷ்வா ட்ரீயில் மரணம். அந்த மரணத்தைப் பற்றியும் பிணத்தைத் திருடி எரித்ததைப் பற்றியும் இணையம் முழுக்கக் கிடக்கிறது. ஒரு கலைஞனை அவன் பிணத்தை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்வது எனக்கு ஒவ்வாது, விட்டுவிடுகிறேன்.

நம் ஊர்க் கல்லூரிக் கல்ச்சுரல்ஸில் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ வாசிக்காத பேண்ட் உண்டா? அந்த ஈகிள்ஸ் குழுவைத் தொடங்கிய நால்வரில் ஒருவரான பெர்னி லீடன், பரிட்டோ பிரதர்ஸில் இருந்து வந்தவர். பார்சன்ஸும் ஹில்மனும் வெட்டிய பாதையில்தான் அவர்கள் தார் போட்டு வண்டி ஓட்டினார்கள், கோடிக்கணக்கில் விற்றார்கள். ஈகிள்ஸைக் குறை சொல்லவில்லை, எனக்கும் அந்த சோலோ மனப்பாடம். ஆனால் அவர்கள் இசையில் எல்லாம் இஸ்திரி போட்டிருக்கும். இங்கே கசங்கல் அப்படியே இருக்கிறது.

யாருக்குச் சிபாரிசு செய்வேன்? ஜிம் ரீவ்ஸோ ஈகிள்ஸோ கேட்டு வளர்ந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ராக் என்றால் டிரம்ஸ் இடிக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு முதல் தடவை ஏமாற்றமாக இருக்கும், அவர்கள் பரிட்டோ பிரதர்ஸின் 1969 ஆல்பம் ‘தி கில்டட் பேலஸ் ஆஃப் சின்’னில் தொடங்கட்டும், அதில் ஸ்னீக்கி பீட் க்ளைனாவ் பெடல் ஸ்டீலை ஃபஸ் (ஒலியைக் கரகரக்க வைக்கும் கருவி) போட்டு அலறவிடுவார். சிடி பிளேயரே இல்லாதவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு யுஎஸ்பி டிவிடி டிரைவ் வாங்கி லேப்டாப்பில் செருகிக்கொள்ளுங்கள், செலவு அதிகம் ஆகாது. லெகசி எடிஷன் கிடைக்காமல் சாதா சிடி கைக்கு வந்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ‘தி கிறிஸ்டியன் லைஃப்’ இரண்டு தடவை அச்சாகியிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைதான் என்றால் கடைக்காரரிடம் விலையை நன்றாகக் குறைக்கச் சொல்லுங்கள்.