கடைசிப் பாகத்தின் கடைசியை வெட்டிவிட்டார்கள்: தஞ்சாவூர்ப் பக்கம் படம் பார்க்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

2018 ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை, தஞ்சாவூரில் ஒரு தியேட்டரில் நாலு டிக்கெட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு, படத்தின் முடிவைக் காட்டாமலே எங்களை வெளியே அனுப்பினார்கள். கேட்டதற்கு, படமே அவ்வளவுதான் என்றார்கள். பத்து நாள் ஆகிறது, இன்னும் மனசு ஆறவில்லை. படம் 'மேஸ் ரன்னர்' வரிசையின் மூன்றாவது, கடைசிப் பாகமான 'தி டெத் க்யூர்'. முடிவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

எங்கள் ஊர் பாபநாசம் பக்கம். அக்கா வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். பிள்ளைகளுக்கு எது வேண்டுமென்றாலும் தாய்மாமன் என்னிடம்தான் வருவார்கள். பெரியவள் பதினொன்றாம் வகுப்பு, சின்னவன் எட்டாவது. முதல் பாகம் 2014-இல் வந்தது, இரண்டாவது 2015-இல். இரண்டையும் என் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் எத்தனை தடவை பார்த்தார்கள் என்று கணக்கே இல்லை. மூன்றாவது 2017 தொடக்கத்திலேயே வந்திருக்க வேண்டியது. 2016 மார்ச்சில் படப்பிடிப்பில் நாயகன் டைலன் ஓ'பிரையனுக்குப் பலத்த அடி பட்டதால் தள்ளிப்போய்விட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று சின்னவன் சாப்பிடாமல் படுத்துவிட்டான். அவ்வளவு நாள் காத்திருந்த பிள்ளைகள்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. உலகத்தையே ஒரு தொற்றுநோய் தின்றுவிட்டது. அந்த நோய் தாக்காத இளவயசுப் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் உடம்பிலிருந்து மருந்து எடுக்க வேண்டும் என்று ஒரு பெரிய நிறுவனம் அவர்களைச் சுவர்களுக்கு நடுவே அடைத்துவைத்துச் சோதிக்கிறது. தாமஸ், நியூட், மின்ஹோ, தெரசா எல்லாரும் அப்படி அடைபட்ட பிள்ளைகள்; ஆனால் நியூட்டை மட்டும் நோய் தாக்கும். கடைசிப் பாகத்தில், பிடிபட்ட மின்ஹோவை மீட்கத் தாமஸும் நியூட்டும் அந்த நிறுவனம் இருக்கிற நகரத்துக்குள்ளேயே போகிறார்கள்.

இந்த வருஷம்தான் பதினொன்றாம் வகுப்புக்கு முதன்முதலாகப் பொதுத்தேர்வு. மார்ச் மாதம் நெருங்குகிறது என்று அக்கா முதலில் சம்மதிக்கவில்லை. வயலிலும் அறுப்பு முழுக்க முடியவில்லை. ஜூன் 12-இல் திறக்க வேண்டிய மேட்டூர், போன வருஷம் அக்டோபர் 2-இல்தான் திறந்தது. எல்லாமே பின்தள்ளிப் போய்விட்டது. "ஒரே ஒரு நாள்மா, அப்பறம் பரீட்சை முடியிற வரைக்கும் எதுவும் கேக்க மாட்டேன்" என்று பெரியவள் கெஞ்சியதில் அக்காவும் கிளம்பினாள். பஸ் கட்டணம் ஏற்றி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மறுநாள் கொஞ்சம் குறைத்தார்கள், நாங்கள் போனது முழு ஏற்றத்தில். டிக்கெட்டை முதல் நாளே இணையத்தில் எடுத்துவிட்டேன். அவர்கள் பிடிக்கும் கட்டணமும் சேர்ந்து 500 ரூபாயைத் தாண்டியது. பதிவு செய்த இடத்தில் படத்தின் நீளம் 2 மணி 22 நிமிடம் என்று போட்டிருந்தது. இது பின்னால் ரொம்ப உதவியது.

காட்சி 3.15-க்கு. உள்ளே முப்பது பேர்கூட இல்லை. விளம்பரம் மேல் விளம்பரம். கேன்டீனில் பாப்கார்ன் வாங்கப் போனவர்கள் திரும்பும் வரை அடுத்த விளம்பரம். படம் தொடங்கியது 3.40-க்கு. சின்னவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் இதெல்லாம் நிமிடக் கணக்கில் தெரியும். இடைவேளை 20 நிமிடம். அதுவரைக்கும் எனக்குக் குறை எதுவும் இல்லை. படம் நன்றாக ஓடியது, சத்தமும் சரியாக இருந்தது.

அக்காவுக்கு ஆங்கிலம் வராது. பெரியவள் காதோடு காதாகச் சொல்லச் சொல்லப் பார்த்தாள். நியூட்டுக்கு நோய் ஏறி, கண்ணெல்லாம் கறுத்து, தாமஸ் மேலேயே பாய்கிற இடம் வந்தது. மருந்து வந்து சேர்வதற்குள் அவன் செத்துப்போகிறான். அதற்குக் கொஞ்சம் முன்னால், இன்னும் புத்தி தெளிவாக இருந்த நேரத்தில், கழுத்தில் கிடந்த ஒரு சின்னக் குழலைக் கழற்றித் தாமஸ் கையில் திணிக்கிறான். "என்னடி குடுக்கிறான்?" என்று அக்கா கேட்டாள். "தெரியலம்மா, கடைசியில காட்டுவாங்க" என்றாள் பெரியவள். நான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது தெரிந்தது.

பிறகு கட்டடம் சரிகிறது. தெரசா தாமஸை வானூர்திக்குத் தள்ளி ஏற்றிவிட்டு, தான் கீழே போய்விடுகிறாள். தாமஸ் மயங்குகிறான். திரை இருளுகிறது.

அந்த இருட்டில் பளிச்சென்று விளக்கைப் போட்டார்கள். பக்கவாட்டுக் கதவு இரண்டையும் தள்ளித் திறந்தார்கள். துடைப்பத்தோடு ஒரு அம்மா உள்ளே வந்துவிட்டார். "முடிஞ்சுது முடிஞ்சுது, இந்தப் பக்கம் வாங்க" என்று ஒருவர் கையைக் காட்டினார். மணி 6.03.

சின்னவன் எழுந்துவிட்டான். பெரியவள் எழவில்லை. "மாமா, அந்தக் குழல்ல என்ன இருக்குன்னு காட்டவே இல்லியே" என்றாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. படம் முடிந்ததும் வரும் நடித்தவர்கள், எடுத்தவர்கள் பேர் ஓடவில்லை, ஒரு எழுத்துகூட வரவில்லை. 3.40-லிருந்து 6.03 வரை 143 நிமிடம். இடைவேளை 20 போக 123. படம் 142 நிமிடம். 19 நிமிடம் எங்கே போனது? அதில் பாதி பேர் ஓடுகிற நேரம் என்று விட்டுவிட்டாலும் மீதி கதைதானே?

வெளியே 6.15 காட்சிக்கு ஒரு புதுத் தமிழ்ப் படம். வாசல் வரைக்கும் கூட்டம். காரணம் அதுதான் என்று பார்த்த உடனே தெரிந்தது. தாமதமாகத் தொடங்கியது அவர்கள், இடைவேளையை நீட்டியது அவர்கள், அதற்கு ஈடு கட்டியது எங்கள் படத்தின் வாலை நறுக்கி.

மேனேஜர் அறைக்குப் போனேன். முதலில், "அவ்ளோதான் சார் படம்" என்றார். நிமிடக் கணக்கைச் சொன்னதும், "பேர் ஓடுறத யாரு சார் பாக்குறா, அதத்தான் நிறுத்துனோம்" என்றார். கதையே முடியவில்லை என்று பெரியவள் சொன்னதும் குரல் மாறியது. "பாப்பா, இங்கிலீஷ் படம் அப்பிடித்தான் முடியும், உனக்குப் புரிஞ்சிருக்காது." எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். 500 ரூபாய் போனால் போகிறது. இரண்டு வருஷம் காத்திருந்து, அந்தக் கதையை வரி வரியாகத் தெரிந்துவைத்திருக்கிற பிள்ளையைப் பார்த்து, உனக்குப் புரியவில்லை என்று சொல்ல அவருக்கு எப்படி வாய் வந்தது?

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "டிக்கெட்ட குடுங்க, பாக்குறேன்" என்றார். கொடுத்தேன். மேசை டிராயரில் போட்டுக்கொண்டார். "நாளைக்கு மேட்னி வாங்க, உள்ள விடச் சொல்றேன்." நாளைக்குத் திங்கட்கிழமை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். அதை எழுதித் தாருங்கள் என்றால் மாட்டேன் என்றார். டிக்கெட்டைத் திருப்பிக் கேட்டால், அது காட்சி முடிந்த டிக்கெட், இனி உங்களுக்கு எதற்கு என்றார். தயவுசெய்து இந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள். எந்தக் காரணத்துக்கும் டிக்கெட்டைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள், காட்டினால் போதும். முதல் நாள் வந்த குறுஞ்செய்தி போனில் இருந்ததால்தான் இன்று என்னிடம் ஏதோ ஒரு சான்றாவது இருக்கிறது. டிக்கெட் விற்ற இணைய நிறுவனத்துக்கு எழுதினேன். காட்சி நடந்துவிட்டதால் பணம் தர இயலாது என்று ஒரே வரியில் பதில் வந்தது.

பெரிய கோயில் பக்கம் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது, திருச்சியில் இருக்கும் தன் தோழிக்குப் போன் போட்டாள் பெரியவள். அந்தப் பெண் அங்கே முழுப் படத்தையும் பார்த்திருந்தாள். கடற்கரை ஓரமாகப் பிழைத்தவர்கள் எல்லாரும் ஒரு புது ஊர் அமைத்திருக்கிறார்களாம். நடுவில் ஒரு பெரிய கல். செத்தவர்கள் பேரையெல்லாம் அதில் வெட்டுகிறார்கள். தாமஸ் குழலைத் திறந்தால் உள்ளே நியூட் எழுதிய கடிதம். சாவுக்குப் பயமில்லை, மறந்துபோவோமோ என்றுதான் பயம். அதனால் ராத்திரிதோறும் இறந்துபோன நண்பர்கள் பேரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன், பிரார்த்தனை மாதிரி, என்று எழுதியிருக்கிறான். தாமஸ் கடைசியாகத் தெரசா பேரைக் கல்லில் செதுக்குகிறான்.

பெரியவள் போனைக் காதில் வைத்துக்கொண்டே அழுதாள். கரந்தை தாண்டி, பள்ளியக்கிரகாரம் தாண்டிப் பஸ் போகும்போது அதைத் தம்பிக்குச் சொன்னாள், தமிழில், அம்மாவுக்கும் கேட்கிற மாதிரி. "பெரிய கோயில் சுவத்துல 400 பொம்பளைங்க பேரு வெட்டியிருக்குன்னு உங்க டீச்சர் காட்டினாங்கள்ல, அது மாதிரியாடி?" என்று அக்கா கேட்டாள். ராஜராஜன், தளிச்சேரிப் பெண்டிர் என்ற கோயில் ஆடல் மகளிரின் பேரை ஒவ்வொன்றாக வெட்டிவைத்த கல்வெட்டைத்தான் சொன்னாள். கடிதமும் கல்லும் வருகிற அந்தக் காட்சிக்காகத்தான் மூன்று படமும். தண்ணீரைத் தலைமடையில் விட்டுவிட்டுக் கடைமடைக்கு வருவதற்குள் மதகை இறக்கினால் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் பெரியப்பா மகன் முன்பு தியேட்டர் ஆபரேட்டராக இருந்தவர். அவரிடம் கேட்டேன். ஃபிலிம் சுருள் காலத்தில் பாட்டையும் சண்டையையும் கத்தரித்து ஒட்டுவார்களாம். இப்போது படம் ஹார்ட் டிஸ்க்கில் வருகிறது, அதை வெட்ட முடியாது, ஆனால் நடுவில் நிறுத்தலாம். ஆங்கிலப் படத்தில் இடைவேளை என்று ஒன்று கிடையாது, அதையும் ஆபரேட்டர்தான் ஒரு இடம் பார்த்து வைக்கிறார். "திரை கறுப்பாகுற எடத்துல சரியா நிறுத்தியிருக்கான்னா முழுப் படமும் பாத்தவன்தான்டா. முடிஞ்ச மாதிரி தெரியட்டும்னு பாத்து வச்சிருக்கான்" என்றார். அப்படியானால் எங்கள் ஒரு காட்சிக்கு மட்டும் இது நடந்திருக்காது.

ஆங்கிலப் படத்துக்குப் போகிறவர்கள் தணிக்கைச் சான்றிதழ் திரையில் வரும்போது அதிலிருக்கும் நிமிடக் கணக்கைப் பாருங்கள். தொடங்கும் நேரத்தை மனசில் வையுங்கள். சந்தேகம் வந்தால் இருக்கையை விட்டு எழாதீர்கள். வெளியே வந்துவிட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். தியேட்டர் உரிமம் மாவட்ட ஆட்சியர் கொடுப்பது. அதனால் பிப்ரவரி 5, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1800-11-4000-லும் பதிவு செய்திருக்கிறேன். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. மனு விசாரணையில் இருப்பதால் தியேட்டர் பேரை இங்கே போடவில்லை.

பிள்ளைகளைச் சனிக்கிழமை திருச்சிக்குக் கூட்டிப்போகிறேன். அக்காவும் வருகிறாள், கடிதத்தைப் பார்க்க வேண்டுமாம்.

ஜனவரி 26-லிருந்து அந்த வாரம் தஞ்சாவூரில் இந்தப் படத்தைப் பார்த்து, கடற்கரையும் கல்லும் வராமலே வெளியே வந்தவர்கள் யாராவது இருந்தால், டிக்கெட்டையோ குறுஞ்செய்தியையோ போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். மனுவோடு சேர்க்க வேண்டும்.