கொடுவாளா குக்ரியா? அஞ்செட்டிப் பக்கம் ரெண்டையும் வெட்டிப் பார்த்தது

உன்னிப் புதரும் மூங்கிலும் மண்டிக் கிடக்கிற இடத்துக்குக் கொடுவாள்தான். விறகு பிளக்கவும் முளைக்குச்சி செதுக்கவும் நேபாளத்து வளைந்த கத்தியான குக்ரி. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நம் பக்கத்துக்குக் கொடுவாளை வாங்குங்கள், நுனியில் வளைகிற கொக்கியைக் கொஞ்சம் குறைத்து அடிக்கச் சொல்லி. அவசரம் இருக்கிறவர்கள் இத்தோடு பட்டறைக்குக் கிளம்பலாம்.

எனக்கு ஓசூரில் ஒரு ஃபேக்டரியின் டூல்ரூமில், அச்சும் கருவியும் செய்கிற இடத்தில், வேலை. லீவு கிடைத்தால் அஞ்செட்டி ரோட்டில் மாமனார் நிலத்து ஓரமாகத் தார்ப்பாய் கட்டி, கல்லடுப்பு மூட்டிக் கிடப்பேன். மச்சினன் அதைப் புஷ்கிராஃப்ட், அதாவது காட்டில் கிடைப்பதை வைத்துச் சமாளிக்கிற கலை, என்கிறான். மாமனார் வேலையத்த வேலை என்கிறார். பக்கத்திலேயே காவிரி வடக்கு சரணாலயம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு உள்ளே கால் வைக்கக் கூடாது. அதனால் வெட்டியது எல்லாம் பட்டா நிலத்துக்குள்தான்.

குக்ரி ஆன்லைனில் வாங்கியது. பத்து அங்குல வாய், 2,400 ரூபாய். கொடுவாள் ராயக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் சொல்லி அடித்தது, 900 ரூபாய். எடையில் இரண்டும் முக்கால் கிலோவை ஒட்டித்தான். அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் விஷயம்.

குக்ரியின் வாய் வெளிப்பக்கமாகப் புடைத்தது. எடையெல்லாம் முன்னால் அந்தப் புடைப்பில். முதுகும் முன்பக்கம் குனிந்திருப்பதால், மணிக்கட்டை அதிகம் மடக்காமலே வாய் மரத்தில் சரியான சாய்வில் இறங்குகிறது. காய்ந்த வேலமரக் கிளையில் ஒரு போடு போட்டால் ஆழமாகப் பதியும். ஆனால் உன்னிச்செடியிடம் அந்த ஜம்பம் பலிக்காது. தண்டு மெலிசு, அடித்தால் வளைந்து கொடுத்துவிட்டுத் திரும்பி முள்ளோடு கையைக் கீறும். கொடுவாளின் வாய் பாதிக்கு மேல் நேராகப் போய் நுனியில் உள்பக்கமாக வளைகிறது. தண்டு அந்த வளைவுக்குள் மாட்டினால் நழுவ வழியில்லை, இழுத்தாலே அறுந்துவிடும். மூங்கில் கணுவில் சிம்பு கழிக்கவும் இதே இழுப்புதான்.

விறகு பிளக்கும்போது கதை திரும்புகிறது. கட்டைமேல் கத்தியை வைத்து முதுகில் இன்னொரு கட்டையால் தட்டிப் பிளப்போம் இல்லையா, அதற்கு நுனிப்பக்க முதுகு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். கொடுவாளில் அந்த இடம் வளைவு. தட்டுகிற கட்டை வழுக்கும், கொக்கி நுனி கீழே மண்ணில் குத்தும். கொக்கியைக் குறைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

இரும்பைப் பற்றி. விற்கிறவர்கள் எஃகின் நம்பரைப் பெரிதாகப் போடுகிறார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். நேபாளத்துக் கொல்லர்களும் பெரும்பாலும் லாரி ஸ்பிரிங் பட்டையில்தான் அடிக்கிறார்கள், நம் ஆசாரிகளும் அதே பட்டையில்தான். கரி (கார்பன்) 0.6 சதவீதத்தை ஒட்டிய ஸ்பிரிங் எஃகு அது. பெரிய கத்திக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் தோண்டிக் கிடைத்த இரும்புக்கு கி.மு. 2172 என்று காலம் கணித்து 2022இல் அறிவித்தார்கள். இரும்பு விஷயத்தில் நம் ஜில்லாக்காரனுக்குக் கொஞ்சம் திமிர் இருந்தால் தப்பில்லை.

தோய்ச்சல்தான் கத்தி, அதாவது பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் சட்டென்று குளிரவைக்கிற வேலை. குக்ரியை முழுசாக முக்க மாட்டார்கள். பழுத்த கத்தியின் வாயோரம் மட்டும் கெட்டிலிலிருந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டே போவார்கள். வாய் கெட்டியாகும், முதுகு மெதுவாக இருந்து அடியைத் தாங்கும். எங்கள் ஆசாரி வாயை மட்டும் தொட்டியில் முக்கி எடுத்து, செங்கல்லில் தேய்த்து, முதுகில் மிஞ்சிய சூடு ஏற ஏற வாயில் மாறுகிற நிறத்தைப் பார்த்தார். "தம்பி, வைக்கோல் நிறத்துல நிறுத்தினா கூர் நிக்கும், நீலத்துக்கு விட்டா பல்லு விழாது. உனக்கு எது?" என்றார். "வாய்க்கு வைக்கோல், கொக்கிக்கு நீலம் வெச்சுடுங்கண்ணா" என்றேன். முறைத்தார், ஆனால் செய்தார். ஃபேக்டரியில் டெம்பரிங் பர்னஸை டிகிரி கணக்கில் வைத்து நாங்கள் செய்வதை அவர் கண்ணால் செய்கிறார்.

வாங்குமுன் புது நைஸ் அரம் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். வாயில் லேசாகத் தள்ளினால் கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்க வேண்டும். கடித்தால் அந்த இடம் மெதுசு. பிடியை ஒட்டிய பாகம் கடித்தால் பரவாயில்லை, வெட்டு விழும் இடத்தில் கடித்தால் கீழே வைத்துவிடுங்கள். என் குக்ரி புடைப்பில் நன்றாக வழுக்கியது. கொடுவாள் அதைவிடக் கொஞ்சம் குறைவு. வைரம் பாய்ந்த புளியங்கட்டையில் கூர் சீக்கிரம் மழுங்குகிறது, ஆனால் பல் விழவில்லை. சாணைக்குக் கொடுக்காமல் அரத்தாலேயே தீட்டிக்கொள்ளலாம்.

பிடியில் குக்ரிக்கு மார்க் குறைவு. நடுவில் ஒரு வளையம் புடைத்திருக்கிறது, அரை மணி நேரத்தில் உள்ளங்கை கொப்பளித்துவிடும். பிடிக்குள் செருகிய கத்தியின் வால், மெழுகுபோன்ற ஒரு பசையில்தான் நிற்கிறது. சித்திரை வெயிலில் வண்டிக்குள் விட்டதில் ஆட ஆரம்பித்துவிட்டது. கொடுவாளில் வால் பிடியைத் தாண்டி வெளியே வந்து மடக்கி அடிக்கப்பட்டிருக்கிறது, முன்னால் இரும்புப் பூண். ஆடினாலும் சுத்தியால் இரண்டு தட்டு. உறை மட்டும் கிடையாது. பழைய லாரி டியூபை வெட்டித் தைத்துக்கொண்டேன். குக்ரியோடு வந்த தோல் உறை அழகு, அதற்குள் இரண்டு சின்னக் கத்தி வேறு.

1959 ஆயுதச் சட்டம் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்த கருவிகளை ஆயுதக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்காக இடுப்பில் செருகிக்கொண்டு தேன்கனிக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்காதீர்கள். சாக்கில் சுற்றி, மண்வெட்டியோடு சேர்த்துக் கட்டிக் கொண்டுபோங்கள்.

அடிக்கச் சொல்கிறவர்களுக்கு: பட்டையை நீங்களே கொண்டுபோனால் கூலி மட்டும்தான். விரிசல் விட்ட பட்டை வேண்டாம். வாய் பத்து அங்குலம், முதுகுக் கனம் ஆறு மில்லிமீட்டர், கொக்கி கட்டைவிரல் அகலத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லுங்கள். பட்டறை தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்குப் போய்ப் பாருங்கள், அரத்தோடு.